'செக்': இது ஒரே சொல்லா, நாலு சொல்லா? (இணைய மன்ற இழை; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது பதிவரின் பெயர்)

வரிவரியாக

ஒரு பயணச் செயலியைத் தமிழாக்கும் வேலை வந்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அவற்றில் 43 வரிகளில் ஆங்கிலச் சொல் 'செக்' வருகிறது. எனக்கு முன்னால் யாரோ மொத்தத்தையும் எந்திரத்தில் போட்டு எடுத்து அப்படியே கொடுத்திருக்கிறார்கள். அதன் லட்சணம் கீழே:

"விதிகளை ஏற்பதாக இருந்தால் பெட்டியைச் சரிபார்க்கவும்." கட்டத்தில் டிக் அடிக்கச் சொன்னது இப்படி ஆகியிருக்கிறது.

"இரண்டு பைகளைச் சரிபார்க்கலாம்." பையை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்து அனுப்பலாம் என்பதுதான் மூலம்.

"உங்கள் செலவைக் காசோலையில் வைத்திருங்கள்." செலவு கைமீறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்களாம்.

"தொலைந்த பொருள்: சரிபார்க்கப்பட்ட சட்டை." இது கட்டம் போட்ட சட்டை.

திருத்துவது பெரிய காரியமில்லை, திருத்திவிடுவேன். என் கேள்வி வேறு. நம் 'ஆறு' நதியும் ஆகும், ஐந்துக்கு அடுத்த எண்ணும் ஆகும். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஓசை மட்டும் ஒன்று. செக்கும் அப்படித்தானா? தடுப்பது, சோதிப்பது, கட்டம், வங்கித் தாள்: நாலு தனிச்சொற்கள் தற்செயலாக ஒரே சத்தத்தில் வந்து நிற்கின்றனவா, அல்லது உண்மையிலேயே ஒரே சொல்லா?

அரைத்தூக்கம்

அந்தச் 'சரிபார்க்கப்பட்ட சட்டை' யாருக்கும் வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன். பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தானே வைத்திருப்பார்கள்.

வேர்தேடி

ஒரே சொல்தான். 'ஆறு' கணக்கு இங்கே செல்லாது. எல்லாம் ஒரு சதுரங்கப் பலகையிலிருந்து கிளம்பியவை.

பாரசீகத்தில் அரசனுக்கு 'ஷா' என்று பெயர். ஆட்டத்தில் எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்துக்குக் காயை நகர்த்தினால் "ஷா!" என்று குரல் கொடுப்பார்கள். 'உன் அரசனைப் பார்த்துக்கொள்' என்ற எச்சரிக்கை. ஆட்டம் அரபியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது குரலும் கூடவே போனது. சுமார் 1000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே லத்தீனில் சதுரங்கத்தைப் பற்றிக் கவிதையே எழுதியிருக்கிறார்கள். ஷாவின் கடைசி ஹகரம் லத்தீன் வாயில் ககரமாகி 'ஸ்காக்கஸ்' ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அது 'எஸ்செக்'.

முன்னால் அந்த 'எ' எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால், 'இஸ்கூல்' என்று சொல்பவர்களைக் கேளுங்கள். 'ஸ்' போட்டுச் சொல்லைத் தொடங்க நாக்கு வராதபோது முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்துக்கொள்வோம். ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் அதையேதான் செய்தார்கள். ஸ்பானியத்தில் பள்ளிக்கூடம் இன்றைக்கும் 'எஸ்குவேலா'. ஆங்கிலேயர்கள் 1300 வாக்கில் 'எஸ்செக்'கை வாங்கினார்கள், தலையை வெட்டினார்கள், 'செக்' மிஞ்சியது.

ஒரு கொசுறு. 'செஸ்' என்ற பெயரே அந்த 'எஸ்செக்'கின் பன்மையிலிருந்து வந்ததுதான். ஆட்டத்தின் பெயரே 'செக்குகள்', அதாவது 'அரசர்கள்'.

இன்னொரு கொசுறு. ஷா என்பதன் பழைய வடிவம் 'க்ஷாயதிய'. ஈரானின் பெஹிஸ்தூன் பாறையில் பாரசீகப் பேரரசன் டேரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டு தன் பெயரைச் சொன்ன கையோடு இந்தச் சொல்லைத்தான் சொல்கிறது: பேரரசன், அரசர்க்கரசன். இதே வேரின் வடமொழிக் கிளைதான் 'க்ஷத்ர', 'க்ஷத்திரிய'. ஆக நம் சத்திரியனும் அவர்களுடைய செக்கும் தூரத்துப் பங்காளிகள்.

கறுப்புக்குதிரை

ஆட்டக்காரன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். செக்மேட் என்பது 'ஷா மாத்'. இதற்கு 'அரசன் செத்தான்' என்று அர்த்தம் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது எப்போதுமே உறுத்தும். சதுரங்கத்தில் அரசன் சாவதே இல்லை. மற்ற காய்களைத்தான் வெட்டிப் பலகைக்கு வெளியே வைப்போம். ஆட்டம் முடியும்போது அரசன் பலகை மேல் நின்றுகொண்டுதான் இருப்பான். நகர இடம் இருக்காது, அவ்வளவுதான்.

எதிர்வாதி

அரபியில் 'மாத' என்றால் இறந்தான். அகராதிகளிலேயே இருக்கிறது. உறுத்தினால் உறுத்தட்டும் அண்ணே.

வேர்தேடி

அரபியில் அந்தச் சொல் இருப்பது உண்மைதான். ஆனால் பாரசீகத்திலேயே 'மாத்' என்றொரு சொல் உண்டு: திகைத்துப்போன, செய்வதறியாத, கதியற்ற நிலை. 'ஷா மாத்' என்றால் 'அரசன் கதியற்று நிற்கிறான்'. குரலின் முதல் பாதி பாரசீகம், மறுபாதி மட்டும் எதற்கு அரபி? ஆட்டம் அரபு மொழிக்குள் வந்தபின், கேட்ட காதுக்குத் தன் மொழிச் சொல்லாகப் பட்டிருக்கும். 'செத்தான்' என்று புரிந்துகொண்டிருப்பார்கள். பழைய நூல்களில் இரண்டு விளக்கமும் கிடைக்கும். நான் குதிரை அண்ணன் பக்கம்.

'சதுரங்கம்' என்ற பெயர் பட்ட பாடும் இப்படித்தான். தேர், யானை, குதிரை, காலாள் என்று நாலு அங்கம் கொண்ட படை. பாரசீகத்தில் 'சத்ரங்' ஆனது. அரபியில் நம் 'ச்ச' ஒலியும் கிடையாது, 'ங்' வழி வரும் ககரமும் கிடையாது, எனவே 'ஷத்ரஞ்ச்'. ஸ்பெயினில் அதுவே 'அஹெத்ரெஸ்'. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அப்பாவும் பிள்ளையும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வரிவரியாக

சதுரங்கம் புரிகிறது. அரசனைத் தாக்கினால் எதிராளி தன் திட்டத்தை விட்டுவிட்டு அவனைக் காப்பாற்ற ஓடவேண்டும். அங்கிருந்து 'தடுத்து நிறுத்துவது', அங்கிருந்து 'கட்டுக்குள் வைப்பது'. செலவைக் கட்டுக்குள் வைக்கும் வரி அதுதான். பலகையில் கட்டம் இருக்கிறது, அங்கிருந்து சட்டை. ஆனால் வங்கிக்கு எப்படிப் போயிற்று?

பழைய பேரேடு

இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தாளோடு மல்லுக்கட்டியவன்.

சட்டையும் வங்கியும் சந்திக்கிற இடம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனின் நிதியமைச்சருக்கு இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பதவிப் பெயர். எக்ஸ்செக்கர் என்றால் என்ன? சதுரங்கப் பலகை. பலகைக்கு லத்தீனில் 'ஸ்காக்காரியம்', பிரெஞ்சில் 'எஸ்செக்கியே'.

ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்று இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் பொருளாளர் ஒருவர். 1170-களின் கடைசியில் கருவூல நடைமுறையைப் பற்றி ஆசிரியரும் மாணவனும் பேசிக்கொள்வதுபோல ஒரு நூல் எழுதினார். அதில் அந்த மேசையை அளந்தே சொல்கிறார். நீளம் சுமார் 10 அடி, அகலம் 5 அடி. சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு, மேலே வைக்கும் காய் உருண்டு கீழே விழாமலிருக்க. மேசைமேல் கோடு போட்ட கறுப்புத் துணி. கோட்டுக்குக் கோடு ஓரடி, அல்லது விரித்த கை அளவு. ஒவ்வொரு பத்தியும் ஒரு மதிப்பு: பென்னி, ஷில்லிங், பவுண்டு, அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம். மாவட்டத்தில் வரி வசூலித்துக்கொண்டு வந்த ஷெரீஃப் ஒரு பக்கம் உட்காருவார். நீ கட்டவேண்டியது இவ்வளவு என்று ஒரு வரிசையில் காய் வைப்பார்கள். நீ கட்டியது இவ்வளவு என்று கீழே இன்னொரு வரிசை. மேலிருந்து கீழே கழித்துக்கொண்டே வருவார்கள். ரோமன் எண்களில் கழித்தல் கணக்கு போட்டுப் பாருங்கள், அந்தத் துணியின் அருமை தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கும் தன் பாக்கி எவ்வளவு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

மாணவன் கேட்கிறான், இதற்கு ஏன் சதுரங்கப் பலகை என்று பெயர்? ஆசிரியர் சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று, பார்க்க அப்படி இருக்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது: சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இங்கே பொருளாளரும் ஷெரீஃப்பும் மோதுகிறார்கள். கணக்குத் தணிக்கை நடக்கும் அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இது புரியும்.

'எக்ஸ்' என்ற முன்பாதி எழுத்தர்கள் செய்த தவறு. 'எஸ்' என்று இருந்ததைப் பார்த்து, லத்தீன் 'எக்ஸ்' தேய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துத் திருத்திவிட்டார்கள்.

அரைத்தூக்கம்

அந்தக் காலத்திலேயே தானியங்கிப் பிழைதிருத்தம் இருந்திருக்கிறது.

பழைய பேரேடு

ஹஹ. தம்பி சொன்னது சரி.

இப்போது தாளுக்கு வருகிறேன். அந்தக் கருவூலத்தில் பணம் கட்டினால் ரசீது காகிதத்தில் கிடையாது. ஒரு குச்சி. அதில் வெட்டுப் போடுவார்கள்: ஆயிரத்துக்கு உள்ளங்கைத் தடிமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு ஒரு பார்லி மணி அகலம். பிறகு குச்சியை நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொன்று. பின்னால் தகராறு வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வெட்டும் மரத்தின் ரேகையும் பொருந்தவேண்டும். ஒருவர் தன் பாதியில் மட்டும் ஒரு வெட்டுக் கூட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

இந்தக் குச்சி முறையை 1826-இல் நிறுத்தினார்கள். மிச்சமிருந்த மூட்டை மூட்டையான குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த உலையில் போட்டு எரிக்கப்போய், நாடாளுமன்றக் கட்டடமே பற்றி எரிந்தது. கணக்கை ஒழுங்காக முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று இளம் எழுத்தர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறேன்.

பிளந்த குச்சியில் ஒரு பாதிக்கு 'ஸ்டாக்' என்று பெயர்: அடிமரம். மறுபாதி 'ஃபாயில்': லத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இப்போது நம் சொற்களைப் பாருங்கள். தாளைக் கிழித்தபின் புத்தகத்தோடு நிற்கும் துண்டு 'அடிக்கட்டை'. கிழித்துக்கொடுக்கும் தாள் 'காசோலை', அதாவது ஓலை, இலை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அவர்கள் மரத்தை வைத்துக் கணக்கெழுதினார்கள், நாம் பனையை வைத்து. எது கட்டை, எது யார் கையில் என்பதில்தான் பக்கம் மாறியிருக்கிறது: அங்கே குச்சியை வெட்டிய கருவூலம் 'ஸ்டாக்'கைப் பணம் கட்டியவரிடம் கொடுத்துவிட்டது, இங்கே அடிக்கட்டை தாளை எழுதிக் கொடுத்தவரிடமே தங்குகிறது.

அந்த அடிக்கட்டைக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் 'செக்' என்று பெயர். மோசடியைத் 'தடுக்கும்' துண்டு என்பதால். 1717-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கு அச்சிட்ட படிவங்களைக் கொடுக்கத் தொடங்கியது. நேரில் போய்க் காசாளரிடம் எண்ணிட்ட படிவத்தை வாங்கவேண்டும். எண் இருப்பதால் தாளையும் பதிவையும் ஒத்துப்பார்க்க முடியும். நாளாவட்டத்தில் அடிக்கட்டையின் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே போய்விட்டது.

எதிர்வாதி

சார், இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. அரபியில் 'ஸக்' என்று ஒரு சொல் இருக்கிறது. பணம் கொடுக்கச் சொல்லி எழுதித் தரும் ஆவணம். ஓர் ஊரில் எழுதி வாங்கி இன்னோர் ஊரில் பணமாக்குவார்கள். ஐரோப்பாவில் வங்கி என்ற பேச்சே இல்லாத காலத்தில் இது புழக்கத்தில் இருந்தது. ஸக், செக். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இதை விட்டுவிட்டு மேசைத்துணி, குச்சி, உலை!

வேர்தேடி

நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 'ஸக்' உண்மையான சொல், உண்மையான ஆவணம். அதன் பன்மை 'ஸுகூக்' இன்றும் வட்டியில்லா நிதிப் பத்திரங்களின் பெயராக உலகச் சந்தையில் இருக்கிறது. பாரசீகத்தில் 'சக்' என்ற வடிவமும் பத்திரம் என்ற பொருளில் உண்டு. இந்தக் கருத்தைச் சொன்ன அறிஞர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பொருள் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி, சொல் எங்கே பிறந்தது என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் நமக்குக் கிடைக்கும் சங்கிலி இது: தடுப்பு, மோசடித் தடுப்பு, எண்ணிட்ட அடிக்கட்டை, கடைசியில் பணத்தாள். 'ஸக்' நேராக வந்திருந்தால் முதல் நாளிலிருந்தே பணம் கொடுக்கும் தாளுக்கல்லவா பெயராக இருந்திருக்க வேண்டும்? அடிக்கட்டைக்கு ஏன் முதலில் ஒட்டவேண்டும்? பெரிய அகராதிகள் சதுரங்கத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

வங்கித் தாளின் செக்கை ஆங்கிலத்தில் 'க்யூ' போட்டு எழுதும் எழுத்தாக்கம் பின்னால் வந்தது. எக்ஸ்செக்கரைப் பார்த்து ஒட்டிக்கொண்ட ஆடம்பரம். ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர் 1828-இல், குழப்பம் வராமலிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் அந்த எழுத்தே நல்லது என்று தன் நூலில் வாதாடினார். பிரிட்டன் கேட்டுக்கொண்டது. அமெரிக்கா கேட்கவில்லை, அங்கே சோதிப்பதற்கும் வங்கித் தாளுக்கும் கடைசியில் 'சிகே' எழுத்துகள்தான்.

எதிர்வாதி

அடிக்கட்டை வாதம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஸக் தற்செயல் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

வேர்தேடி

மனம் வராதது நியாயம்தான். சொல்லாராய்ச்சியில் ரொம்ப அழகாகப் பொருந்துவதைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடல்தாண்டி

பிரெஞ்சு பேசும் இடத்தில் வேலை செய்கிறேன், அங்கிருந்து ஒரு வேடிக்கை. பிரெஞ்சில் 'எஷெக்' என்றால் தோல்வி. தேர்வில் தோற்றாலும் அதுதான், பேச்சுவார்த்தை முறிந்தாலும் அதுதான். பன்மையில் சொன்னால் சதுரங்கம். வங்கித் தாளுக்கு 'ஷெக்'. இந்த இரண்டாவது சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கினார்கள். தங்கள் வீட்டிலிருந்து போன பிள்ளை என்று தெரியாமலேயே விருந்தாளியாக உள்ளே அழைத்திருக்கிறார்கள்! அரபியிலும் இன்றைக்கு வங்கித் தாளுக்கு 'ஷீக்' என்கிறார்கள். அரபியர் கொண்டுபோய் ஐரோப்பாவில் விட்ட 'ஷா', ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு 'ஷீக்' ஆகி அவர்களிடமே வந்திருக்கிறது. செக்குமாடு கெட்டது.

ஜெர்மனில் சதுரங்கம் 'ஷாக்', வங்கித் தாள் 'ஷெக்'. ரஷ்யர்கள்தான் நேர்மையானவர்கள்: ஆட்டத்துக்கே 'ஷாக்மத்தி' என்று முழுக் குரலையும் பெயராக வைத்திருக்கிறார்கள்.

கறுப்புக்குதிரை

ஜெர்மனில் இன்னொன்று. திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கும் குதிரைக்கு 'ஷெக்க'. சதுரங்கக் கட்டத்திலிருந்து வந்த பெயர். நான் கறுப்பு, எனக்குச் சம்பந்தமில்லை.

அரைத்தூக்கம்

செக்குமாடு என்றதும் கேட்கிறேன்: செக்கு? அதற்கும் அரசனுக்கும் உறவு உண்டா? எண்ணெய் ஆட்டும்போது யாராவது "ஷா!" என்று கத்துவார்களா?

வேர்தேடி

இல்லை. அது நம் சொந்தச் சரக்கு. 'ஷேக்'கும் உறவில்லை, அது அரபியில் முதியவர், பெரியவர். செக் குடியரசின் செக்கும் வேறு. அது அந்த ஸ்லாவிய இனத்தின் பெயர்.

வரிவரியாக

சோதிப்பது என்ற பொருள் இன்னும் தொங்கலில் இருக்கிறது. என் 43 வரியில் பாதிக்கு மேல் அதுதான்.

பழைய பேரேடு

அடிக்கட்டையோடு ஒத்துப்பார்ப்பது என்று சொன்னேனே, அதே இடம்தான். தவறு நடக்காமல் தடுக்கவேண்டும் என்றால் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். 'தடு' என்பது 'தடுப்பதற்காகப் பார்' ஆகி, பிறகு வெறும் 'பார்' ஆகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பொருள் வந்தது. நாங்களும் பேரேட்டில் பார்த்து முடித்த வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இழுப்போம். அமெரிக்காவில் அந்தக் கோட்டுக்கே 'செக்' என்று பெயர். உங்கள் செயலியின் கட்டம் அந்தக் கோட்டுக்காகத்தான் காத்திருக்கிறது.

வேர்தேடி

சார் சொன்ன அடிக்கட்டையிலிருந்து பிரிந்த கிளை ஒன்றும் உண்டு: அடையாளச் சீட்டு. ஒரு பொருளை ஒப்படைத்தால் பதிலுக்குக் கொடுக்கும் எண்ணிட்ட துண்டு. 'இரண்டு பைகளைச் செக் செய்யலாம்' என்பது இங்கிருந்துதான். அமெரிக்க உணவகத்தில் பில்லுக்கும் 'செக்'தான்.

எனக்குப் பிடித்தது 'ரெயின் செக்'. 1880-களில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், வேறொரு நாள் வந்து பார்க்கலாம் என்று ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். இன்றைக்கு யாராவது அழைத்து, போக முடியாவிட்டால் "ரெயின் செக் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார்கள். மழையும் இல்லை, சீட்டும் இல்லை. எந்திரம் இதை 'மழைச் சரிபார்ப்பு' என்று போடும், பந்தயம்.

வரிவரியாக

பந்தயம் பாதி ஜெயித்துவிட்டீர்கள். 31-ஆவது வரி. 'மழைக் காசோலை' என்று போட்டிருக்கிறது.

அரைத்தூக்கம்

மழைக் காசோலை நல்ல பெயர். வானத்துக் கணக்கில் பணமில்லை என்று திரும்பிவரும்.

வரிவரியாக

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் பிடிபட்டது, சரியா என்று பாருங்கள்.

ஆங்கிலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு செக்கை எழுத்தால் பிரித்தார்கள், 'சிகே' ஒன்று, 'க்யூ' ஒன்று. நாம் தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடுகிறது, எல்லாம் 'செக்'. சரி, அப்படியானால் நமக்குத்தான் அதிகக் குழப்பம் வரவேண்டும். பேச்சில் வருகிறதா? வருவதே இல்லை.

ஏனென்றால் நாம் வினையால் பிரிக்கிறோம். "செக் பண்ணினான்" என்றால் சோதித்தான். "செக் கொடுத்தான்" என்றால் வங்கித் தாள். "செக் வைத்தான்" என்றால் எதிராளியை முடக்கினான். மூன்றிலும் பெயர்ச்சொல் ஒன்றுதான். பண்ணு, கொடு, வை என்று பின்னால் ஒட்டும் வினைதான் எந்தச் செக் என்று சொல்கிறது. கடன் வாங்கிய சொல்லுக்குச் சொந்த வாலை ஒட்டியிருக்கிறோம்.

எந்திரம் தடுமாறியதும் இங்கேதான். அது பெயரை மட்டும் மொழிபெயர்த்தது.

கறுப்புக்குதிரை

அட. "செக் வைத்தான்" என்பதில் 'வை'யைக் கவனித்தீர்களா? காயை நகர்த்தி ஒரு கட்டத்தில் *வைக்கிறோம்*. பாரசீகர்கள் குரலைச் சொல்லாக்கினார்கள். நாம் கையைச் சொல்லாக்கியிருக்கிறோம். அரசியல் செய்தித் தலைப்புகளில் ஒரு தலைவர் இன்னொருவருக்கு 'செக்' வைக்கும்போது, எழுதுகிறவர் சதுரங்கமே ஆடத் தெரியாதவராக இருந்தாலும் பலகை உள்ளே இருக்கிறது.

எதிர்வாதி

"செக் அடித்தான்" என்று ஒருவன் சொல்லிக் கேட்டிருக்கிறேனே, அது?

பழைய பேரேடு

எங்கள் காலத்தில் பெரிய தொகையாக எழுதிக் கொடுத்தால் அப்படிச் சொல்வார்கள். "ஒரு செக் அடிச்சுட்டுப் போயிட்டான்." அதுவும் வங்கிச் செக்தான். 'வரிவரியாக' சொன்ன விதி இதற்கும் பொருந்துகிறது. ஆனால் எழுத்தில் நான் காசோலை என்றுதான் எழுதுவேன், பழக்கம்.

கடல்தாண்டி

வரிவரியாக, ஒரு வேண்டுகோள். இலங்கைத் தமிழுக்குத் தனிக் கோப்பு இருக்கிறதென்றால் 'வினாடி' என்று மாற்றிவிடாதீர்கள். நாங்கள் 'செக்கன்' என்றுதான் சொல்வோம். ஆங்கில 'செகண்ட்'தான் அது, இந்த இழையில் உள்ள எவருக்கும் உறவில்லை.

வரிவரியாக

மாற்றவில்லை. தனிக் கோப்பு இருக்கிறது, 'செக்கன்' அப்படியே வைத்திருக்கிறேன். 43 வரியும் முடிந்தது. டிக் அடிக்க, ஒப்படைக்க, கட்டுக்குள், கட்டம் போட்ட, சரிபார்க்க, காசோலை என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக. 'ரெயின் செக்'குக்கு "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று போட்டேன். இன்றிரவு கோப்பை அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

வரிவரியாக

அனுப்பிவிட்டேன். திரும்பியும் வந்துவிட்டது.

பொத்தான்களில் 'செக்' என்று தமிழ் எழுத்திலேயே சில இடங்களில் மிச்சமிருந்தது. நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடப் பொறுமையில்லாமல், 'செக்' வரும் இடமெல்லாம் 'சரிபார்' என்று ஒரே தட்டில் மாற்றிவிட்டேன். இரண்டு கோப்பிலும்.

மொழியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் சீனத்துக்கும் டச்சுக்கும் நடுவே ஒரு மொழி இருந்தது. இப்போது அதன் பெயர் 'சரிபார்'. அந்த மொழி பேசும் ஒருவர் புகார் கொடுத்திருக்கிறார்.

இலங்கைக் கோப்பில் "30 சரிபார்கனில் மீண்டும் முயலவும்" என்று இருக்கிறது.

கடல்தாண்டி

பார்த்தேன். 30 சரிபார்கன் காத்திருந்துவிட்டுத்தான் இந்தப் பதிலைப் போடுகிறேன்.